ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு

“பத்து” என்று சொல்லிவிட்டான் தவசி. சொன்ன வாயை மூடுவதற்குள் அந்த மேடம் இன்னொரு அரைக் கிலோ இரும்பு வில்லையை எடுத்துச் சைக்கிளின் முன்னால் தொங்குகிற தட்டில் போட்டுவிட்டார். டங் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், ஆனால் காதுக்கு வந்த அதே நேரத்தில் காலுக்கும் வந்துவிட்டது. சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற நாடா இறுகியது, பெடல் கனத்தது, தொடையில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக இன்னோர் இடம் எரிய ஆரம்பித்தது. எங்கேயும் போகாத சைக்கிள். ஒரே சக்கரம், அதுவும் தரையைத் தொடாது. ஏறி உட்கார்ந்து ஆறு நிமிஷமாக மிதிக்கிறான், இன்னும் அதே ஜன்னல், அதே சுவர், சுவரில் அதே அட்டை. பத்து என்பது பொய். பதிமூன்று சொல்லியிருக்க வேண்டும். பதிமூன்றா, பதினான்கா? தெரியவில்லை. பத்து இல்லை என்பது மட்டும் தெரியும். இந்தப் பரீட்சையில் இருக்கிற கேடு இதுதான். லேசாக இருக்கிறது என்று சொன்னால் பாரத்தை ஏற்றுவார்கள். கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னால் வேலை கிடைக்காது. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு கேவலமான கேள்வித்தாள் வந்ததில்லை. அங்கே தப்பாக எழுதினால் மார்க் போகும், அதோடு சரி. திருத்துகிற வாத்தியார் எழுந்து வந்து தலையில் கல்லைத் தூக்கி வைக்கமாட்டார்.

அட்டையைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, கண்ணுக்கு நேராக மாட்டியிருக்கிறார்கள். ஆறில் ஆரம்பித்து இருபதில் முடிகிறது. ஆறு, சிரமமே இல்லை. ஒன்பது, மிக லேசு. பதினொன்று, லேசு. பதிமூன்று, கொஞ்சம் சிரமம். பதினைந்து, சிரமம். பதினேழு, ரொம்பச் சிரமம். பத்தொன்பது, மிக மிகச் சிரமம். இருபதுக்கு நேரே ஒரே வார்த்தை, முடியாது. “ஏன் மேடம் ஆறுல ஆரம்பிக்கு, ஒண்ணுல இருந்து போட்டா என்ன?” என்று ஏறுவதற்கு முன்னால் கேட்டிருந்தான். ஹேமலதா மேடம் சிரித்தார். கோயம்புத்தூர்க்காரர், இந்த உடற்கல்விக் கல்லூரியில் இந்த ஒரு அறைதான் அவருக்கு. “நல்லாக் கேட்டீங்க கண்ணு. சும்மா உக்காந்திருக்கறப்ப உங்க வயசுப் பசங்களுக்கு நாடி சுமார் அறுபது. ஆறைப் பத்தால பெருக்குங்க. உயிரைக் கொடுத்து ஓடுனா இருநூறு, அதான் இருபது. நீங்க சொல்ற நம்பரும் நெஞ்சு அடிக்கற நம்பரும் ஏறக்குறையச் சேர்ந்தே போகும், பொய் சொல்லாட்டி.” அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். நாடி எண்ண நெஞ்சில் கட்டுகிற பட்டை ரிப்பேர், புதுசு வர அடுத்த மாசம் ஆகும், அதனால் இன்றைக்கு உங்க வாய்தான் மெஷின் என்றார். மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்பார். மனசில் வருகிற எண்ணைச் சொல்ல வேண்டும். கட்டம் போட்ட தாளில் பாரம் இங்கே, எண் அங்கே என்று ஒரு புள்ளி வைப்பார். நாலு புள்ளி விழுந்ததும் அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுப்பார். கோட்டை நீட்டிக்கொண்டே போனால் இருபதை எங்கே தொடுகிறதோ, அந்தப் பாரத்தை வைத்து இந்த உடம்பு எவ்வளவு காற்றை வாங்கி வேலை பார்க்கும் என்று கணக்குப் போட்டுவிடலாமாம். “அதுக்காக உங்களை இருபது வரைக்கும் மிதிக்க விடமாட்டேன். பதினஞ்சு சொன்னீங்கன்னா அங்கியே நிறுத்திருவேன். இதுல சரி தப்புன்னு ஒண்ணும் கிடையாது.” சரி தப்பு கிடையாதாம். சரி தப்பு கிடையாது என்று யாராவது சொன்னால் அங்கேதான் அது மண்டிக் கிடக்கும், பதினெட்டு வயசுக்குள் இதைக்கூடத் தெரிந்துகொள்ளாவிட்டால் எப்படி. இந்தத் தாள்தான் சாயந்தரம் கம்பெனிக்குப் போகிறது. கடலோரத்து அனல் மின் கம்பெனியில் தீயணைக்கிற படைக்கு நாலு ஆள் வேண்டும். பத்தாம் வகுப்பு போதும், பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி போனதைப் பற்றிக் கவலையில்லை, கோடு மட்டும் நன்றாக நீள வேண்டும். நீளாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி உப்பளம்.

டக், டக், டக். மேஜைமேல் ஒரு சின்னக் கருவி தட்டிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மிதி. தட்டல் முந்துகிறதா, நாம் பிந்துகிறோமா. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் செல்வின் அத்தான் உட்கார்ந்திருக்கிறார், பொன்மலர் அக்காவின் வீட்டுக்காரர், அதே தீயணைக்கிற படையில் இருக்கிறவர். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டே வந்துவிட்டார், அப்படி வந்தால் ஏதோ சிபாரிசு மாதிரி இருக்கும் என்று நினைப்பு. முழங்காலில் கையை ஊன்றி, மேட்ச் பார்க்கிறவர் மாதிரி முன்னால் சாய்ந்திருக்கிறார். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதே பாடம்தான். “ஏல, திருப்பிச் சொல்லு.” “ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு.” “அவ்வளவுதாம்ல. வேற எதையும் வாயில கொண்டுவராத. கால் கழண்டு விழுந்தாலும் பன்னெண்டு.” “விழுந்த காலை நீங்க எடுத்துட்டு வருவியளா?” “வாயைக் குறை. எங்க பேட்ச்ல ஒம்பது பேரு, எல்லாத்துக்கும் பதினொண்ணுன்னு சொல்லுங்கன்னு ஒரு கூறுகெட்டவன் சொல்லிக்குடுத்து, ஒம்பது பேரும் நாலு தடவையும் பதினொண்ணுன்னு சொன்னோம். கோடு ஏறவே இல்லைல, அப்படியே படுத்துட்டு. அந்தம்மா அடிமட்டத்தை வச்சு, கன்னியாகுமரி வரைக்கும் இழுத்தாலும் உங்க கோடு இருபதைத் தொடாது, நீங்க மனுசங்களா ரயில் இஞ்சினான்னு கேட்டு, மொத்தப் பேரையும் திருப்பி அனுப்பிட்டாவ. ரெண்டாந்தடவைதான் ஒவ்வொண்ணா ஏத்திச் சொன்னோம். அதுல இருந்து எல்லாப் பேட்ச்சுக்கும் இதுதான்.” இதைச் சொல்லும்போது அத்தான் சிரித்தார். முன் சீட்டில் இருந்த ஆளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். தவசிக்கும் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. இப்போது வாய் வழியாகக் காற்று மட்டும்தான் போய் வருகிறது, அதுவே போதவில்லை.

வேர்வை புருவத்தில் தங்கி, யோசித்து, கண்ணுக்குள் இறங்குகிறது. துடைக்கக் கையை எடுத்தால் சாய்ந்துவிடுவோம் என்று பயம். உப்பு. எட்டு மாசம் உப்பளத்தில் சுமந்தவனுக்கு உப்பு கரிக்கிறது என்று புதிதாகத் தெரிய வேண்டுமா என்ன. அங்கே பாத்தியில் இருந்து உப்பைக் குவிக்கிற அம்பாரம் வரைக்கும் வரிசையாக நடக்க வேண்டும், தலையில் உப்புப் பெட்டி. முதல் நாள் முப்பதாவது நடையில் “யம்மா, கனக்கு” என்று சொல்லிவிட்டான். முன்னால் போன சந்தனக்கனி அக்கா நின்றார், திரும்பக்கூட இல்லை, தலையில் பெட்டி இருக்கிறதே. “வாயை மூடிட்டு நட. கனக்குன்னு ஒருத்தன் சொன்னா வரிசைக்கே கனக்கும்.” அவ்வளவுதான். அதற்கப்புறம் எட்டு மாசம் ஒருவரும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. பெட்டியை இறக்கி வைத்த பிறகுதான் கனத்தைப் பற்றிப் பேசலாம், பேச அப்போது தெம்பு இருக்காது. சொல்லாமலே இருந்து இருந்து கடைசியில் தெரியாமலே போய்விடும் போலிருக்கிறது. இப்போது ஒருத்தர் பேனாவும் தாளுமாக நின்று எத்தனை, எத்தனை என்று கேட்கிறார். யார் இதுவரை எத்தனை என்று கேட்டார்கள்? கெமிஸ்ட்ரி சார் கேட்டதெல்லாம் “புரியுதா” என்றுதான். “புரியுது சார்” என்று ஐம்பது பேரும் ஒரே குரலில் சொல்வார்கள், அதிலும் பதினொன்று பதினொன்று பதினொன்று. ஒருநாள் அவன் மட்டும் “புரியல சார்” என்றான். எது புரியவில்லை என்றார். எது என்று தெரிந்தால் பாதி புரிந்த மாதிரிதானே, அதைத்தான் சொன்னான். வகுப்பு சிரித்தது, சார் சிரிக்கவில்லை, மீதிப் பீரியடு முழுக்க நிற்க வைத்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியை ஏற்றிக்கொண்டே “வலிக்கா” என்று கேட்டாள், அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா “இல்லம்மா, அவன் தாங்கிக்கிடுவான்” என்று சொல்லிவிட்டாள். எல்லாக் கேள்வியும் விடையோடுதான் வருகிறது. தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஆஸ்பத்திரியை நினைத்திருக்கக் கூடாது. நினைத்ததும் வாயில் அந்த மாத்திரைக் கசப்பு வந்துவிட்டது. டைபாய்டு. பன்னிரண்டு நாள் படுத்து, எழுந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கன்னத்தில் சதைகூட வந்துவிட்டது. ஆனால் மாடிப்படி ஏறினால் உள்ளே யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது. இந்த அறை இரண்டாவது மாடி. ஏறி வரும்போது திருப்பத்தில் நின்று செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான். செருப்பு சரியாகத்தான் இருந்தது. சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் நிரப்பிய தாளில் ‘கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல், மருத்துவமனைச் சிகிச்சை’ என்று ஒரு வரி இருந்தது, அதற்கு நேரே ‘இல்லை’ என்று அத்தானே டிக் போட்டார், அவனிடம் பேனாவைக் கொடுக்கக்கூட இல்லை. டக், டக். பொய்யைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்தது பதினொன்று, அடுத்தது பதினொன்று. மூச்சு வாங்குவதைக் காட்டக் கூடாது. பதினொன்று என்று சொல்லப்போகிறவன் நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டால் எப்படி, அதனால் வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுக்கிறான், மூக்கு போதவில்லை, காதுக்குள் கொய்ங் என்கிறது. பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். அதுவும் இரண்டாவது மாடியில், சக்கரம் இல்லாத சைக்கிளில். சக்கரம் இருக்கிறது, ஒன்று இருக்கிறது. எதற்கு இப்போது இந்தத் திருத்தம்.

மேடம் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “எத்தனை கண்ணு?” உள்ளே கேட்டுப் பார்த்தான். தொடை பதினாறு என்றது. நெஞ்சு அதற்கும் மேலே ஏதோ சொன்னது, சரியாகக் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அத்தானின் உதடு லேசாகக் குவிந்து விரிந்தது, பள்ளி ஆண்டு விழாவில் மேடைக்குக் கீழே இருந்து பாட்டு எடுத்துக்கொடுக்கிற டீச்சர் மாதிரி. “பதினொண்ணு” என்றான். குரல் நடுவில் உடைந்து, பதி ஒரு பக்கமும் னொண்ணு ஒரு பக்கமுமாக விழுந்தது. மேடம் தலையை நிமிர்த்தவில்லை. புள்ளி வைத்துக்கொண்டே, “அடுத்தது பன்னெண்டு, இல்லீங்களா?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஒரு கோபமும் இல்லை, அலுப்புதான் இருந்தது. அவனுக்குக் காலில் இருக்கிற அலுப்பு அவருக்குக் கையில் இருந்தது, பேனா பிடித்த கையில். “அந்தக் கம்பெனிக்கு வர்றவங்க எல்லாரும் இதே நாலுதான் சொல்றாங்க. நானும் கீழ சந்தேகம்னு ஒரு வரி எழுதித்தான் அனுப்பறேன். படிக்கறதுக்கு ஆளில்லை. நீங்க சொல்றதை எழுதறவ நான், அவ்வளவுதான் கண்ணு. படி ஏறப்போறது நீங்கதான்.” டங். நாலாவது வில்லை விழுந்தது.

படி. ஏன் அந்த வார்த்தையைச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும், தெரியாது, தீயணைக்கிறவன் படி ஏறத்தானே செய்வான், பொதுவாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவனுக்கு அந்தப் படி தெரியும். நிலக்கரி ஏறிப் போகிற கோபுரத்தின் இரும்புப் படி, ஏழு தளம். அவன் அதைப் பார்த்ததில்லை, ஆனால் காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தபோது கட்டில் பக்கத்தில் அதை யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ இல்லை, அத்தான். அவன் தூங்குகிறான் என்று நினைத்து அக்காவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன பங்குனியில் பயிற்சி. முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மூடி, இரண்டு இரண்டு பேராக ஏறி மேலே கிடக்கிற எழுபது கிலோ பொம்மையைத் தூக்கி வர வேண்டும். “நாலாவது தளத்துல உக்காந்துட்டேன் மலரு. உக்காரணும்னு உக்காரல. காலு தானா மடங்கிட்டு. கண்ணு முன்னால கம்பி எல்லாம் கறுப்பாயிட்டு. கூட வந்த ஆரோக்கியம் என்னை இழுத்தானா பொம்மையை இழுத்தானான்னு தெரியல. அவனும் என்னை மாதிரி பதினொண்ணு பன்னெண்டுன்னு சொல்லி வந்தவன்தான, அவனுக்கு மட்டும் எங்க இருந்து வரும்? வெளிய சொல்லல. சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். இப்பல்லாம் சைரன் சத்தம் கேட்டா அந்தப் படிதான் கண்ணுக்கு வருது.” டிரிப் பாட்டிலில் சொட்டு விழுவது கேட்டது, கேட்குமா என்ன, ஆனால் கேட்டது. பிறகு அக்கா சொன்னாள், அவள் எப்போதுமே வழி கண்டுபிடிக்கிறவள். “தவசி எந்திரிச்சதும் அவனையும் சேத்துவிடுங்க. உப்பு சுமந்த உடம்பு. நம்ம ஆளு ஒருத்தன் கூட இருந்தா உங்களுக்குத் தைரியமா இருக்கும். அவன் உங்களை விட்டுட்டு வரமாட்டான்.”

விட்டுட்டு வரமாட்டான். அது சரிதான், விட்டுவிட்டு வரமாட்டான். வரமுடியாது என்பதுதான் விஷயம். நாலாவது தளத்தில் அத்தான் உட்கார்ந்தால் இவன் மூன்றாவது தளத்திலேயே உட்கார்ந்திருப்பான். பெடல் கீழே போக மாட்டேன் என்கிறது. மிதிக்கிறான், அது நின்று யோசித்துவிட்டுப் போகிறது. டக்குக்கும் மிதிக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது, அந்த இடைவெளிக்குள் புகை வருகிறது. இங்கே எங்கே புகை, ஃபேன் ஓடுகிறது, ஜன்னல் வழியாகக் கீழே வாலிபால் ஆடுகிற பையன்கள் கத்துகிறார்கள். ஆனால் வருகிறது. கம்பியெல்லாம் கறுப்பாகிற மாதிரி அட்டையின் ஓரம் கறுத்துக்கொண்டு வருகிறது, முதலில் ஆறு போயிற்று, பிறகு இருபது போயிற்று, நடுவில் பதிமூன்று மட்டும் தெரிகிறது, கொஞ்சம் சிரமம். நெஞ்சு ஒரு அடியைத் தவறவிட்டு இரண்டாகச் சேர்த்து அடித்தது. பயம் வந்தது. செத்துவிடுவோம் என்ற பயம் இல்லை, அதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே வந்து போய்விட்டது. இது வேறு. பன்னிரண்டு என்று இந்த வாய் சொல்லிவிடும், அவர் புள்ளி வைத்துவிடுவார், கோடு நீளும், நீண்ட கோட்டை நம்பி ஒருத்தர் இரும்புப் படியில் காலை வைப்பார். தாளில் இருக்கிற தவசி வலுவானவன். ஏழு தளம் ஏறுவான், பொம்மையை ஒரு தோளிலும் அத்தானை ஒரு தோளிலும் போட்டுக்கொண்டு இறங்குவான். அந்தத் தவசியை அத்தான் பார்த்ததில்லை, யாருமே பார்த்ததில்லை, ஒன்பது பத்து பதினொன்று பன்னிரண்டு என்று இரண்டு பேருமாகப் பஸ்ஸில் வைத்து உண்டாக்கினார்கள். உண்டாக்கிய ஆளே அதை நம்பிவிட்டார். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். இப்போது சொல்ல மூச்சு இல்லை. இன்னும் எவ்வளவு நேரம். ஒரு நிமிஷம் இருக்குமா. பத்து மிதி. பத்து மிதிக்கு அப்புறம் இன்னொரு பத்து. வாயை மூடிட்டு நட, வரிசைக்கே கனக்கும். கனக்கட்டும். வரிசைக்கே கனக்கத்தானே செய்கிறது, சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

“எத்தனை?” என்றார் மேடம். பேனா தாள்மேல் ஏற்கெனவே பன்னிரண்டு இருக்கிற கட்டத்துக்குப் பக்கத்தில் போய்க் காத்திருந்தது. “பதினேழு” என்றான் தவசி. பெரிய தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை, வாயைத் திறந்ததும் வெளியே வந்தது அதுதான், காற்றோடு சேர்ந்து. பேனா நின்றது. அவன் ஏறி உட்கார்ந்த பிறகு மேடம் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு சட்டென்று குனிந்து தட்டில் இருந்த வில்லைகளை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தார். பெடல் திடீரென்று ஒன்றுமில்லாமல் போனது, கால் காற்றில் உதைத்தது. “பதினேழா? பதினஞ்சுலயே சொல்லுங்கன்னு சொன்னேனில்ல? மெதுவா மிதிங்க. நிறுத்தக் கூடாது, டக்குனு நிறுத்துனா மயக்கம் வரும். மூணு நிமிஷம் சும்மா மிதிங்க.” “முன்ன சொன்னதும் பொய் மேடம்” என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை நுழைக்க வேண்டியிருந்தது. “முதல்ல பதினொண்ணு. ரெண்டாவது பதிமூணு. பதினாலு. இல்ல, பதிமூணு. மூணாவது பதினாறு.” அவர் பழைய புள்ளிகளை அடித்தார். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. “டைபாய்டு வந்துச்சு. ஆறு வாரம் ஆவல.” பேனா மறுபடி நின்றுவிட்டது. “ஏனுங்க தம்பி, உங்களுக்கெல்லாம் உசுரு விளையாட்டா இருக்குதா? அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு உங்களை இதுல ஏத்தியிருக்கவே மாட்டேன்.” இப்போதுதான் கோபம் வந்தது அவருக்கு. கோபத்திலும் அடிமட்டத்தை எடுத்துக் கோட்டை இழுத்தார், பழக்கம் போலிருக்கிறது. கோடு செங்குத்தாக ஏறி, தாளின் பாதியிலேயே இருபதில் போய் முட்டியது. குட்டைக் கோடு. அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. “இதை வெச்சு எடுக்கமாட்டாங்க. ரெண்டு மாசம் நல்லாத் தின்னு, தூங்கி, நடந்து, அப்புறம் வாங்க. ரெண்டாவது தடவை நல்லா வரும்.” “இந்த லிஸ்ட் இன்னைக்கு சாயந்தரம் முடியுது மேடம்.” “தெரியுங்க” என்றார். வேகமாக மிதிக்கும்போது சரியாகக் காட்டாது, இப்போது பார்க்கலாம் என்று, விரலில் மாட்டுகிற நாடிக் கருவியைப் பக்கத்து அறையில் இருந்து எடுத்து வரப் போனார். “மிதிச்சுக்கிட்டே இருங்க.”

அவர் போனதும் கண்ணாடிக் கதவு திறந்தது. அத்தான் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், எதற்கோ. தாளைப் பார்த்தார், அதைப் படிக்க அவருக்குத் தெரியும், அந்தக் குட்டைக் கோடு போதும். “என்னல பண்ணி வச்சிருக்க” என்றார். தவசி வெறும் பெடலை மிதித்துக்கொண்டிருந்தான், பாரம் இல்லாத பெடல், ஆனாலும் முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. “உன்னைய நம்பித்தானல இருந்தேன்.” “அதனாலதான் அத்தான்” என்றான். அத்தானுக்குப் புரிந்ததா இல்லையா, முகத்தில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “நாலாவது தளத்துல” என்று தவசி ஆரம்பித்தான், மூச்சு வாங்கினான். “அன்னைக்கு உங்களுக்கு எத்தனை?” அத்தான் விருட்டென்று நிமிர்ந்தார். அக்காவுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஒன்று இவனுடைய வாயில் எப்படி வந்தது என்று யோசிக்கிற முகம். பிறகு கதவைப் பார்த்தார், யாரும் இல்லை. அட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி. “பத்தொம்பது” என்றார். சொன்னதும் அவருடைய தோள் ஒரு விரல்கடை இறங்கியது. அது இறங்கியதை அவரே பார்த்துவிட்டார் போல, உடனே நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து, சைக்கிளின் கைப்பிடியை அவனுடைய கைக்குமேல் சேர்த்துப் பிடித்துக் குனிந்தார். “ஏல, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. அந்தம்மா வருவாவ. வாய் தவறிட்டுன்னு சொல்லு. களைப்புல உளறிட்டேன், முன்ன எழுதுனதே இருக்கட்டும்னு சொல்லு. ஒரே வார்த்தை. வாய் தவறிட்டு. உங்க அக்காவை நினைச்சுப் பாருல.” நினைத்துப் பார்த்தான். சைரனுக்குப் பயப்படுகிறவரின் கம்பெனிச் சட்டையை அவள் துவைத்துப் பிழிவதுதான் கண்ணுக்கு வந்தது.

பக்கத்து அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அத்தான் கையை எடுத்துக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்றார், சுவரில் இருந்த வேறு ஏதோ படத்தைப் பார்ப்பவர் மாதிரி. மேடம் வந்து அவனுடைய விரலில் கருவியை மாட்டினார். தாளையும் பேனாவையும் கையில் எடுத்தார். “இப்ப எத்தனை கண்ணு?” அத்தானின் உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. வாய் தவறிட்டு. வாய் தவறிட்டு.

தவசி உள்ளே கேட்டுப் பார்த்தான். தட்டு காலியாக இருந்தது. கால் ஆடுவது கொஞ்சம் அடங்கியிருந்தது.

“எட்டு” என்றான். வாய் தவறவில்லை.